ஐயரை மாற்றக் கூடாது

ஐயர் வீட்டில் பிறந்து, மூன்று நான்கு வருஷத்துக்கு ஒரு முறை மூட்டை கட்டி, எந்த ஊரையும் சொந்த ஊர் என்று சொல்லத் தெரியாமல் வளர்ந்து, இப்போது முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என் வயதுக்காரர்களே, உங்களிடம்தான் இதைச் சொல்கிறேன். மற்றவர்களிடம் சொன்னால் முதலில் பாடம் எடுக்க வேண்டியிருக்கிறது. ஐயர் என்றதும் பூணூலைத் தேடுகிறார்கள். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் கிறிஸ்தவக் குருவானவர்தான் ஐயர், அவர் மனைவி ஐயரம்மா, சர்ச்சுக்குப் பெயர் கோயில் என்று ஆளுக்கு ஆள் விளக்கி எனக்கு வாய் வலித்துவிட்டது.

எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ஒரு போன். அப்பா ஊழியம் செய்த கோயில் ஒன்றில் விழா மலர் போடுகிறார்களாம். மலர்க் குழுவில் இருக்கும் பையன் பேசினான்.

"ஆன்ட்டி, உங்க அப்பாவுக்கு டவுனுக்கு மாத்தல் வந்தும், எங்க சபைய விட மனசில்லாம இங்கனயே இருந்துட்டாங்களாமே. அந்த அன்பைப் பத்தி ஒரு பக்கம் எழுதித் தாங்க. படிக்கிறவங்களுக்குக் கண்ணுல தண்ணி வரணும்."

எனக்கு வந்தது தண்ணீர் இல்லை, எரிச்சல். மனசில்லாமல் இருந்தாராம்! யாருடைய மனசு? பாதிக் கதையை வைத்துக்கொண்டு இத்தனை வருஷமாக ஊரே உருகிக்கொண்டிருக்கிறது. போனை வைத்த பிறகும் வெகுநேரம் சமையலறையில் பாத்திரங்களைத் தேவைக்கு மேல் சத்தமாகக் கழுவிக்கொண்டிருந்தேன். மீதிக் கதை அந்த மலருக்கு ஆகாது. உங்களுக்கு ஆகும்.

எங்களுடையது மெதடிஸ்ட் சபை. சுற்றிலும் பெரிய சபைக்காரர்கள். நடுவில் நாங்கள் கொஞ்சம் பேர். அம்பாசமுத்திரத்திலிருந்து விக்கிரமசிங்கபுரம் போகிற ரோட்டில் இறங்கி, வாய்க்கால் கரையோடு நடந்தால் அந்த ஊர் வரும். ஆண்களில் பாதிப் பேருக்கு நூல் மில்லில் வேலை, மீதிப் பேருக்கு வயல். இரவு ஷிப்ட் முடித்துவிட்டு சைக்கிளில் நேராக ஞாயிறு ஆராதனைக்கு வருகிறவர்களின் தலையில் பஞ்சு ஒட்டியிருக்கும். ஜெபத்துக்குக் கண்ணை மூடினால் அப்படியே தூங்கிவிடுவார்கள். அப்பாவோ அவர்கள் ஆழ்ந்து ஜெபிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு ஜெபத்தை இன்னும் நீட்டுவார்.

அப்பாவின் ஊழியம் என்றால் சைக்கிள்தான். பின்னால் திருவிருந்துப் பெட்டி கட்டியிருக்கும். உள்ளே சிவப்பு வெல்வெட்டுத் துணியில், திராட்சரசம் ஊற்றிக் கொடுக்கிற சின்னச் சின்னக் கண்ணாடிக் கிண்ணங்கள், மேடு பள்ளத்தில் கிணுகிணுவென்று சத்தம் போடும். பக்கத்துக் கிராமங்களில் கோயில்கூட இல்லாத இடத்தில், யார் வீட்டுத் தொழுவத்திலாவது சாணி மெழுகி வைத்திருப்பார்கள், அங்கே போய் ஆராதனை நடத்துவார். மழையில் நனைந்துகொண்டே சாவு வீட்டுக்குப் போவார். பிரசவ வேதனை என்றால் மருத்துவச்சிக்கு முன்னால் அப்பாவைக் கூப்பிடுவார்கள். வயலில் பம்ப் செட் ஓடவில்லை என்றால்கூட, "ஐயா, ஒரு வார்த்தை ஜெபம் பண்ணிட்டுப் போங்க" என்பார்கள். அவரும் மோட்டார் மேல் கையை வைத்து ஜெபிப்பார். சில சமயம் ஓடித் தொலைக்கும். அதுதான் வினை. ஐயர் கை வைத்தால் நடக்கும் என்று ஊரில் ஒரு பேச்சு வேரூன்றிவிட்டது.

இப்படி ஊருக்கெல்லாம் கை வைத்த மனிதருக்குக் காது கேட்காத மகன்.

என் தம்பிக்கு அப்போது ஐந்து வயது முடியப் போகிறது. எனக்குப் பத்து. பிறவியிலேயே அவனுக்குக் கேட்காது. அதனால் பேச்சும் இல்லை. மற்றபடி சரியான சேட்டைக்காரன். கோழியைத் துரத்துவான், வாய்க்காலில் குதிப்பான், கோபம் வந்தால் என் கையைக் கடிப்பான். வயிறு வலித்தால் மட்டும் எங்கே வலிக்கிறது என்று காட்டத் தெரியாமல் சுவரில் தலையை மோதிக்கொள்வான். அதைப் பார்க்க அம்மாவுக்குத் தாங்காது.

சபை அவனை விட்டதா? வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் அவன் தலையில் கையை வைத்து ஜெபம். பால் கொடுக்க வந்தவர்கள், கல்யாணம் பேச வந்தவர்கள், காணிக்கையாக வெண்டைக்காய் கொண்டு வந்தவர்கள் எல்லாரும் ஒரு கை வைத்துவிட்டுத்தான் போவார்கள். சிலர் காதுக்குள் விரலை விட்டு ஜெபிப்பார்கள். கடைசியில் வெள்ளை வேட்டியைக் கண்டாலே பிள்ளை கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். "பாத்தியளா, பிசாசு பயப்படுது" என்றார் ஒருவர். பயந்தது பிள்ளை. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

இதற்கெல்லாம் தலைமை மில் அண்ணாச்சி. மில்லில் மேஸ்திரி, சபைக் கமிட்டியில் பெரிய ஆள். தங்கமான மனிதர், அதில் சந்தேகமே இல்லை. எங்கள் வீட்டுக் கிணற்றில் வாளி விழுந்தாலும் அவர்தான் வந்து எடுத்துக் கொடுப்பார். அவர் ஒரு பொருத்தனை செய்திருந்தார். எங்கள் கோயில் மணி கீறல் விட்டுத் தகரத்தைத் தட்டியதுபோலக் கேட்கும். ஐயர் மகன் வாய் திறந்து ஒரு வார்த்தை பேசுகிற அன்றைக்குத் தன் செலவில் புது மணி தொங்கவிடுவதாகக் கோயிலில் எழுந்து நின்று ஆண்டவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். சபையே ஆமென் சொன்னது. அன்று முதல் என் தம்பியின் வாய் எங்கள் குடும்ப விஷயமாக இல்லை, சபை விஷயமாகிவிட்டது.

அம்மா ஜெபத்தை விடவில்லை. ஆனால் ஜெபத்தோடு பஸ்ஸும் ஏறினாள். பாளையங்கோட்டையில் காது கேளாத பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருப்பது அவளுக்குத் தெரியும். ஒரு நாள் எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே இருந்த டீச்சர் தம்பியை மடியில் உட்கார வைத்து, அவன் உள்ளங்கையைத் தன் தொண்டையில் வைத்துக்கொண்டு பேசினார். வாய்க்கு முன்னால் ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடித்து "ப" என்றார். காகிதம் ஆடியது. தம்பி அதைப் பார்த்தான், டீச்சர் வாயைப் பார்த்தான், பிறகு தானும் ஊதினான். ஒரு இடத்தில் உட்காராத பயல், அன்று மடியைவிட்டு இறங்கவே இல்லை. அவன் தலையில் கை வைக்காமல் அவன் முகத்தைப் பார்த்துப் பேசிய முதல் வெளி ஆள் அந்த டீச்சர்தான்.

"இந்த ஜூன்ல சேத்துருங்கம்மா. தள்ளிப் போடப் போடக் கஷ்டம். அங்க ஒரு பையனப் பாருங்க, எட்டு வயசுல கொண்டு வந்தாங்க. எவ்வளவு பாடுபடுதான்னு பாருங்க" என்றார் டீச்சர்.

விடுதி இருந்தது. ஆனால் வயிற்று வலியைச் சொல்லத் தெரியாத பிள்ளையை விடுதியில் விட அம்மாவுக்கு மனம் வரவில்லை. அதற்கு ஒரு வழி இருந்தது. பாளையங்கோட்டையில் எங்கள் சபைக்கு ஒரு சின்னக் கோயில் உண்டு. அங்கே இருந்த ஐயர் ஓய்வு பெறப் போகிறார். அப்பா அந்த இடத்தைக் கேட்டால் போதும். ஐயர்மார்களுக்கெல்லாம் மேலே இருந்தவரைப் பெரிய ஐயா என்போம். கோடையில் அவர்தான் மாற்றல்களை முடிவு செய்வார். நல்ல மனிதர், காரணம் சொன்னால் கேட்பார்.

ஆனால் அப்பா கேட்கிற ஆளா? "தனக்குன்னு ஒரு இடத்தைக் கேட்டு வாங்குறது ஊழியம் ஆகாது" என்பது அவருடைய கொள்கை. எங்கே அனுப்பினாலும் போவார். தேள் விழுகிற வீடு, உப்புத் தண்ணீர்க் கிணறு, எதற்கும் முணுமுணுக்க மாட்டார். முணுமுணுக்கிற வேலையையும் சேர்த்து அம்மாதான் செய்தாள். அந்தச் சித்திரை முழுவதும் சோறு போடும்போது, வேட்டிக்கு நீலம் போடும்போது, குடும்ப ஜெபம் முடிந்து கண் திறக்கும்போது, "கேட்டியளா? கேட்டியளா?" என்று ஒரே கேள்விதான். கடைசியில் அப்பா பெரிய ஐயாவைப் பார்த்துவிட்டு வந்து, "சொல்லியாச்சு" என்று சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

வைகாசி பிறந்ததும் மாற்றல் வந்துவிட்டது. பாளையங்கோட்டைக்கே!

அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. பரணில் இருந்து பச்சை டிரங்குப் பெட்டியை இறக்கினாள். அந்தப் பெட்டி பிறகு எந்த வீட்டில் காணாமல் போனதோ தெரியாது. மூடியைத் திறந்தால் நாப்தலின் உருண்டையும் பழைய பைபிள் தாளும் கலந்த வாசனை வரும். பீங்கான் தட்டுகளை வைக்கோலில் சுற்றினாள். ஊறுகாய் ஜாடியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாள். அடுப்படியில் பாட்டுப் பாடினாள். அம்மா பாடிக் கேட்டது எனக்கு அதுதான் முதல் தடவை. சுருதி கொஞ்சமும் சேராது.

மூன்றாம் நாள் காலையில் மில் அண்ணாச்சியும் கமிட்டிக்காரர்களும் வந்தார்கள். தம்பி வழக்கம்போலக் கட்டிலுக்கு அடியில். அம்மா காப்பி கொண்டு வந்தாள்.

"ஐயா, சபைக்கே தாங்கல. பொம்பளையெல்லாம் அழுதுகிட்டு இருக்காவ. லாரி பேசியாச்சு. நாளைக்கு எல்லாரும் பெரிய ஐயாவப் போய்ப் பாக்கப் போறோம். எங்க ஐயர மாத்தக் கூடாதுன்னு கேக்கப் போறோம்" என்றார் அண்ணாச்சி. பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிருங்க. இது வீட்டுக் காரியமா நீங்களா கேட்டு வாங்கின மாத்தலா? அப்படின்னா நாங்க குறுக்க நிக்க மாட்டோம். சந்தோசமா மாலை போட்டு அனுப்பி வைப்போம்."

எவ்வளவு நியாயமான கேள்வி பாருங்கள்! ஒரே ஒரு "ஆமா" போதும். அம்மா தட்டைப் பிடித்தபடி நின்றாள். நான் அப்பாவின் வாயைப் பார்த்தேன்.

"நான் எதையும் கேட்கல. எல்லாம் கர்த்தருடைய சித்தம்" என்றார் அப்பா.

அண்ணாச்சிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "அது போதும் ஐயா! அப்ப எங்க ஜெபத்தயும் அவரு கேக்கட்டும்" என்று எழுந்தார். சபைக்கு முன்னால் ஐயர் பேச்சை ஐயரம்மா மறுத்துப் பேசக் கூடாது. அப்படி யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் அது சட்டம். அம்மா காலி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனாள். அவர்கள் தெருமுனை திரும்புகிற வரைக்கும் பொறுத்திருந்தாள்.

"நீங்க பெரிய ஐயாகிட்ட கேக்கவே இல்லையோ?"

"கேட்டேன்" என்றார் அப்பா.

"பெறவு ஏன் அவியகிட்ட இல்லன்னு சொன்னிய?"

அப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். "சபையே அவனுக்காக ஜெபிச்சுக்கிட்டு இருக்கு. அண்ணாச்சி பொருத்தனை போட்டிருக்காரு. நாமளே பிள்ளைய அந்தப் பள்ளிக்கூடத்துல கொண்டு விட்டா, அவங்க விசுவாசம் என்ன ஆகும்?"

"அவிய விசுவாசமா, உங்க பேரா?" அம்மாவின் குரல் உயரவில்லை. "ஊரான் பிள்ளைக்கெல்லாம் கை வச்சு ஜெபிக்கவரு, தன் பிள்ளைக்கு ஒண்ணும் நடக்காமப் பள்ளிக்கூடத்துல கொண்டு விட்டாருன்னு சொல்லிருவாவன்னு பயப்படுதிய. அதான?"

அப்பா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அதில் துடைக்க ஒன்றுமே இல்லை. எனக்கு அன்று பிடித்த கோபம் இன்றும் முழுசாக இறங்கவில்லை. ஆனால் இந்த வயதில் ஒன்று தெரிகிறது: அந்த மனிதர் நிஜமாகவே நடுங்கிப்போயிருந்தார். இருபது வருஷம் ஊருக்கு ஜெபித்தவர், தன் வீட்டுக்குள் ஜெபம் ஏன் வேலை செய்யவில்லை என்று தன்னையே கேட்கப் பயந்திருக்கிறார். பயந்துவிட்டுப் போகட்டும், அதற்குப் பிள்ளையின் வருஷத்தையா கொடுப்பது?

மறுநாள் லாரி நிறைய ஆட்கள் போனார்கள். சாயங்காலம் வேட்டுச் சத்தத்தோடு திரும்பி வந்தார்கள். மாற்றல் ரத்து. அத்தனை பேர் கண்ணீரோடு நின்றால் பெரிய ஐயாதான் என்ன செய்வார்? எங்கள் வாசலில் சரவெடி வைத்தார்கள். தம்பி புகையையும் பொறியையும் பார்த்துக் கை தட்டிக் குதித்தான். அம்மா எல்லாருக்கும் காப்பி போட்டாள். உள்ளே வைக்கோல் சுற்றிய தட்டுகளை மறுபடி பிரித்து, அதே தட்டுகளில் அவர்களுக்கு முறுக்கு வைத்துக் கொடுத்தாள்.

அந்த ஞாயிறு ஸ்தோத்திர ஆராதனை. எங்கள் சபையில் ஸ்தோத்திர ஆராதனை என்றால் ஒவ்வொருவராக எழுந்து ஆண்டவர் செய்த நன்மையைச் சாட்சியாகச் சொல்ல வேண்டும். சொன்னார்கள், சொன்னார்கள், பசி வயிற்றைக் கிள்ளுகிறவரைக்கும் சொன்னார்கள். கடைசியாக அண்ணாச்சி திரும்பி, "ஐயரம்மா ஒரு சாட்சி சொல்லணும்" என்றார். அம்மா ஒருபோதும் சாட்சி சொன்னதில்லை. அன்று எழுந்தாள்.

"ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். நாளைக்குக் காலம்பற பஸ்ல நான் என் மவனக் கூட்டிக்கிட்டுப் பாளையங்கோட்டைக்குப் போறேன். காது கேக்காத பிள்ளையள் படிக்கிற பள்ளிக்கூடத்துல சேக்கப் போறேன். அங்கன விடுதியில பிள்ளையளப் பாத்துக்கிட ஆள் வேணும்னு சொன்னாவ. அந்த வேலைய நான் பாப்பேன். ஐயர நீங்க கேட்டிய. வச்சுக்கிடுங்க."

உட்கார்ந்துவிட்டாள். அப்பா பீடத்தின் பக்கம் திரும்பி அடுத்த பாட்டின் எண்ணைச் சொன்னார். தப்பான எண். எல்லாரும் அந்தத் தப்பான பாட்டையே பாடினார்கள், கல்யாணப் பாட்டு.

என் பள்ளிக்கூடம் அந்த ஊரில் இருந்ததால் நான் அப்பாவோடு நின்றேன். அம்மா போனதும் சபை எங்களைத் தத்தெடுத்துக்கொண்டது. முறை வைத்துச் சோறு அனுப்பினார்கள். அந்த வருஷம் கத்தரிக்காய் கண்டபடி காய்த்தது என்று நினைக்கிறேன். எந்த வீட்டுத் தூக்குச்சட்டியைத் திறந்தாலும் கத்தரிக்காய்தான். சோற்றோடு ஒரு பேச்சையும் சேர்த்து அனுப்புவார்கள். "ஐயரம்மாவுக்குக் கொஞ்சம் விசுவாசம் பத்தல, ஏட்டி. நீ ஜெபம் பண்ணு" என்று என்னிடம் சொல்வார்கள். ஐயரம்மா விடுதியில் போய் ஆயா வேலை பார்ப்பது அவமானம் என்று வேறு பேச்சு. நான் ஜெபம் பண்ணவில்லை. சோறு வடிக்கப் பழகினேன். முதல் தடவை கஞ்சி காலில் கொட்டியது, இரண்டாம் தடவை சோறு குழைந்தது. அப்பா இரண்டையும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். அவர் ஒன்றும் சொல்லாததுதான் எங்கள் வீட்டின் வியாதியே.

எப்போதாவது லீவில் அம்மா தம்பியைக் கூட்டிக்கொண்டு வருவாள். திரும்பிப் போகும்போது அப்பா ரோடு வரைக்கும் வருவார். தம்பியைத் தூக்கிப் பஸ்ஸுக்குள் விட்டுவிட்டு, தான் கீழே நிற்பார். பஸ் நகர்ந்ததும் தம்பி பின் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு கத்துவான். அப்பா ஏன் ஏறவில்லை என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. அவனுக்குச் சொல்ல அப்போது யாரிடமும் வார்த்தையும் இல்லை.

கார் நெல் அறுவடை முடிந்து காலாண்டு லீவும் வந்தது. தம்பி வாய் திறந்து சில வார்த்தைகள் சொல்கிறான் என்ற செய்தி அதற்குள் ஊருக்கு எட்டிவிட்டது. பள்ளிக்கூடத்தில் தினமும் டீச்சர் தொண்டையில் கை வைத்து, காகிதத்தை ஊதி, கண்ணாடி முன் நின்று பழகிய வார்த்தைகள். சபை என்ன சொன்னது? "ஜெபம் கேக்கப்பட்டுட்டு!" அண்ணாச்சி கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார். புது மணி வந்து இறங்கியது. அறுப்பின் பண்டிகை அன்றைக்கே பிரதிஷ்டை, அசன விருந்து, எல்லாம் ஒன்றாக. அம்மாவும் தம்பியும் வர வேண்டும் என்று ஆள் மேல் ஆள் அனுப்பினார்கள்.

கோயில் வாசலில் வாழைத்தாரும் நெற்கதிரும் கட்டியிருந்தார்கள். பின்பக்கம் பெரிய அண்டாக்களில் ஆட்டுக்கறி கொதிக்கிற வாசனை. தம்பிக்குப் புது டவுசர். அண்ணாச்சி அவனைத் தூக்கி மணிக்கூண்டுப் படியில் நிறுத்தி, "ஐயா ராசா, சபைக்கு ஒரு வார்த்தை சொல்லு. அதோட மணியடிச்சுருவோம்" என்றார்.

தம்பி அண்ணாச்சியின் வாயைப் பார்த்தான். கூட்டத்தைப் பார்த்தான். பிறகு படியைவிட்டு இறங்கி, அங்கி போட்டு நின்ற அப்பாவிடம் போனான். அவர் கையை இழுத்து, பள்ளிக்கூடத்தில் செய்கிறபடி தன் தொண்டையில் வைத்துக்கொண்டான். அடித்தொண்டையிலிருந்து, கரகரத்து, ஒவ்வொன்றாக வந்தது.

"ப்பா. பஸ். வா."

அவ்வளவுதான்! "அல்லேலூயா!" என்று கூட்டம் வெடித்தது. பெண்கள் அழுதார்கள். மணியடிக்கிற கோயில்குட்டி கயிற்றைப் பிடித்துத் தொங்கினார், மணி கணீர் கணீர் என்று அடித்தது. பிள்ளை பேசிவிட்டான் என்று அத்தனை பேரும் கொண்டாடினார்கள். அவன் என்ன சொன்னான் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அப்பாவுக்கு மட்டும் கேட்டது. அவர் கை இன்னும் தம்பியின் தொண்டையில்தான் இருந்தது. மற்றக் கையை உயர்த்தினார். மணி நிற்கிற வரைக்கும் காத்திருந்தார்.

"அண்ணாச்சி, அந்த மாத்தல நான்தான் கேட்டு வாங்கினேன். கேட்கலன்னு உங்ககிட்ட சொன்னது பொய். என் பிள்ளை பேசினது என் ஜெபத்தால இல்ல. அவன் அம்மாவும் அந்த டீச்சரும் பாடுபட்டுப் பேச வச்சிருக்காங்க. இத நான் அன்னைக்கே சொல்லியிருக்கணும்."

என் வாழ்நாளில் அப்பா பிரசங்கம் பண்ணி நான் முழுசாகக் கேட்டது அது ஒன்றுதான். அண்ணாச்சி துண்டால் கண்ணைத் துடைத்தார். நிஜமாகவே உடைந்துபோனார் என்றுதான் நினைத்தேன்.

"பாத்தியளா! பாத்தியளா வே!" என்று கூட்டத்தைப் பார்த்துக் கூவினார். "புகழ் தனக்கு வேண்டாம்னு பொய்யக்கூடத் தன் தலையில போட்டுக்கிடுதாரு. இந்தத் தாழ்மை வேற யாருக்கு வே வரும்? இவரையா நாம மாத்த விடுவோம்?"

மறுபடியும் அல்லேலூயா! மறுபடியும் மணி! அம்மா என் பக்கத்தில் நின்று தலையில் அடித்துக்கொண்டாள். ஒரு மனிதன் கடைசியில் உண்மையைச் சொன்னால் அதையும் அன்பாலேயே அடித்து நொறுக்கிவிட்டார்களே, இவர்களை என்னதான் செய்வது?

அப்பா இன்னொரு தடவை சொல்லிப் பார்க்கவில்லை. தம்பியைத் தூக்கி இடுப்பில் வைத்தார். வாய்க்கால் கரையோடு ரோட்டைப் பார்த்து நடந்தார். அம்மா பையை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினாள், நான் அவள் பின்னால். சபைக்காரர்கள் இது பண்டிகைப் பவனி என்று எண்ணிவிட்டார்கள். டோலக்கையும் எடுத்துக்கொண்டு பாடியபடியே பின்னால் வந்தார்கள். பஸ் வந்து நின்றது. அப்பா தம்பியை உள்ளே விட்டார். பிறகு அங்கியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு தானும் ஏறினார். பாட்டு அப்போதுதான் நின்றது.

"ஐயா, எங்க போறிய? அசனத்துக்கு ஜெபம் பண்ணணுமே!" என்றார் அண்ணாச்சி, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு.

"பெரிய ஐயாவப் பாக்கப் போறேன். உங்களுக்கு வேற ஐயர் வருவாரு, அண்ணாச்சி. அவருக்கும் இதே மாதிரி சோறு போடுங்க."

பஸ் கிளம்பிவிட்டது. வெயில் நேராக அடித்தது. அங்கி முழுக்க வியர்வை. தம்பி அப்பாவின் மடியில் ஏறி நின்று, ஜன்னல் வழியாகத் தெரிந்ததையெல்லாம் விரல் நீட்டிக் காட்டிக்கொண்டு வந்தான். அம்பாசமுத்திரம் தாண்டும் வரை அம்மா வாயைத் திறக்கவில்லை. அதற்கு மேல் அவளால் முடியவில்லை.

"அங்கியக் கழத்தி வச்சுட்டு வந்திருக்கப்படாதா? என்ன கோலம் இது? பஸ்ஸே நம்மளப் பாக்குது."

"கழத்த நின்னிருந்தா, அவங்க முகத்தப் பாத்துத் திரும்பவும் இல்லன்னு சொல்லியிருப்பேன்" என்றார் அப்பா.

அம்மா முந்தானையை இழுத்து அவர் கழுத்தைத் துடைத்துவிட்டாள். கொஞ்சம் அழுத்தித்தான் துடைத்தாள்.